மகளுக்கு ஒரு வண்டி

துவிச்சக்கர வண்டி வாங்குவதும் ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள், ஆனி மாதச் சோளகத்தில் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குத் தாம்போதி வழியே சைக்கிள் ஓடியவர்களாய் இருக்கமாட்டார்கள். இருமருங்கும் கடல், ஒதுங்குவதற்கு ஒரு பூவரசுதானும் இல்லை. காற்று எதிர்த்தடிக்கும்போது, மிதிப்பவன் முன்னேறுகிறானா நிற்கிறானா என்பதே ஐயமாகிவிடும்.

என் மூத்தவனுக்குப் பத்து வயதானபோது, "வளருகிற பிள்ளை" என்று கணக்குப் பார்த்து, 26 அங்குலச் சில்லுள்ள வண்டியொன்றை வாங்கிக் கொடுத்தேன். சட்டைக்கு இரண்டங்குலம் மடித்துத் தைப்பிப்பதில்லையா, அதுபோலத்தான். பெரிய சட்டை பிள்ளையை விழுத்தாது என்னும் வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் செல்லுமுன், கல் ஒழுங்கையொன்றில் ஆடு குறுக்கிட்டது. பிறேக் பிடித்தான், கால் நிலத்துக்கு எட்டவில்லை. வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவன் ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. "பிழை என்ரைதான் அப்பா, நான் கெதியாய் ஓடினனான்" என்று அவன் சொன்னபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தகப்பனாரும் இதையே செய்தவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதாகிவிட, வடபகுதியில் துவிச்சக்கர வண்டியே காரும் லொறியும் அம்புலன்சுமாயிற்று. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியுங் கேட்டோம். தீவை விட்டு இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்த அந்நாளில், அப்பா எனக்கெனத் தேடிப்பிடித்த பழைய ராலி வண்டி 28 அங்குலம். இரண்டு வருடம் பாருக்குள் காலை நுழைத்தே ஓடினேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, அதே வண்டியின் கரியரில் அப்பாச்சியை இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பைகளைக் கொளுவி, உருட்டிக்கொண்டு போனோம். சின்ன வண்டியில் அது நடந்திராது. ஆகவே அப்பாவின் கணக்கை நான் குறைகூறேன். என் பிள்ளைகள் சுமப்பது புத்தகப் பை மட்டுமே.

இப்போது மகளுக்குப் பதினொரு வயது. அவளுடைய 20 அங்குல வண்டியில் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கிறது. இம்முறை, வெறுங்காலுடன் அவளைச் சுவரோடு நிறுத்தி, கவட்டிலிருந்து குதிக்கால் வரை அளந்து எழுதிக்கொண்டே யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனேன். "26 எடுங்கோ சேர், வளருற பிள்ளை" என்றார் கடைக்காரர்! 24 அங்குலத்தையே எடுத்தேன். சட்டத்தின் இருபுறமும் பாதம் பதித்து நிற்க முடிந்தது. பிறேக் பிடியை விரல் எட்டியது. இனி வளர வளரச் சீற்றை உயர்த்தலாம். தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியுமட்டும் உயர்த்துவதுதான் ஆகாது.

அவள் கேட்டதோ தடித்த ரயர், சுருள்வில்லு, கியர் மூன்றும். ரயருக்கு உடனே இசைந்தேன். சாட்டி மணலில் மெல்லிய ரயர் புதையும். அகன்றதில் காற்றைச் சற்றுக் குறைத்தால் மிதந்தாற்போற் போகும். காற்றடைத்த ரயரே ஒரு தகப்பனின் கவலையிற் பிறந்ததுதானே! பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப், தம் மகனின் முச்சில்லு வண்டிக்கென அதனைச் செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை பெற்றார். சுருள்வில்லை மறுத்துவிட்டேன்: வீண் பாரம், அன்றியும் எங்கள் உப்புக்காற்று அதை இரண்டு மாரிக்குள் தின்றுவிடும். கியரும் பழுதாகும் பண்டமே என்று வாதாடினேன்.

"காத்துக்கு எதிரா ஓடப்போறது நீங்களில்லை அப்பா, நான்" என்றாள்.

கியர் உள்ளதையே வாங்கினோம். வாரந்தோறும் உப்பைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். "குடிக்கவே நல்ல தண்ணி காணாது, சைக்கிளைக் குளிப்பாட்டுறியளோ?" என்று மனைவி கேட்பது நியாயந்தான், ஒரு செம்புக்கு மேல் எடுப்பதில்லை.

முதல் நாட்காலை படலையில் நின்று பார்த்தேன். பாடசாலை தென்மேற்கே இரண்டு கட்டைத் தூரம், சோளகம் முகத்திலடித்தது. தமையன் அவளுக்கு முன்னே, காற்றை மறித்தபடி ஓடினான். அந்த 26 இப்போதுதான் அவனுக்கு அளவாயிருக்கிறது.