செட்டியாரம்மாவின் புருவம்

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரியை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது அன்றைக்குத்தான். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கண்டமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டி பாதி முழுகிக் கிடந்தது.

அது கொலு பொம்மைப் பெட்டி. என் மனைவி இருந்தவரை விஜயதசமி முடிந்த கையோடு அது பரணுக்குப் போய்விடும். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மருமகள்தான் கொலு வைக்கிறாள். அந்த வருஷம் பெட்டியைப் பரணில் ஏற்றாமல், முட்டி வலியைச் சாக்கு வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளியவன் நான்தான்.

பெட்டியைத் திறந்தோம். அடி வரிசையில் இருந்த திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள் மறுபடியும் கூழாகவே ஆகியிருந்தன. நடு வரிசையில் சுட்ட மண் பொம்மைகள். மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வர்ணம் மட்டும் கரைந்து, சுற்றி வைத்திருந்த பழைய வேட்டித் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கிருஷ்ணரின் நீலம் துணியில் இருந்தது, கிருஷ்ணர் வெறும் செம்மண்ணாக நின்றார். மேல் வரிசை தப்பித்தது. அங்கேதான் செட்டியாரும் செட்டியாரம்மாவும் இருந்தார்கள்.

இந்த ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான 1978இல், முதல் கொலுவுக்காகப் பண்ருட்டியில் வாங்கியது. 1996இல் பேரம் பேசும் அளவுக்கு வளர்ந்திருந்த என் பெண், மளிகைக்கடை விளையாட்டில் செட்டியாரம்மாவைக் கீழே போட்டு முகத்தைச் சிராய்த்துவிட்டாள். மனைவி ஒரு வாரம் உட்கார்ந்து முகத்தைப் புதிதாகத் தீட்டினாள். கண், புருவம், நெற்றிப்பொட்டு எல்லாம் அவள் கை. இடது புருவம் வலது புருவத்தைவிடக் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டது. "என்ன விலை சொல்றேன்னு செட்டியாரைக் கேக்கறா, அதான்" என்று அவளே சமாளித்துக்கொண்டாள். அடிப்பீடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் எழுதி வைத்தாள்.

தண்ணீர் அந்தப் புருவத்துக்கு நாலு விரல் கீழே நின்றிருந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தப் பொம்மைகளுக்கு மேலே ஏதாவது காப்புப் பூச்சு கொடுத்தே ஆக வேண்டும் என்று.

காப்புப் பூச்சு எனக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில் தசாவதார செட்டுக்கு, மேசை நாற்காலிக்கு அடித்து மீந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் அடித்தேன். பளபளவென்று வந்தது. மனைவி பார்த்துவிட்டு, "பொம்மைக்கு எண்ணெய் தேச்சு விட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். அடுத்த வருஷம் பெட்டியிலிருந்து எடுத்தபோது நரசிம்மரின் முதுகில் நாளிதழ் ஒட்டியிருந்தது. உரித்தால் ஒரு துணிக்கடை விளம்பரம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. நாலைந்து வருஷத்தில் வெள்ளை எல்லாம் பழுப்பாகி, பத்து அவதாரமும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. எண்ணெய் கலந்த வார்னிஷின் குணம் அது. உள்வரைக்கும் காய மாதக்கணக்காகும். காய்ந்த பிறகும் மஞ்சளாகிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு செட்டியாரம்மா பக்கம் என்னை விடவே மாட்டாள்.

இந்தத் தடவை சரியாகச் செய்ய வேண்டும் என்று விழுப்புரத்தில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன். "கிளியர் ஸ்பிரே இருக்கா?" என்றேன். "எது சார் வேணும், கிளாஸியா, மேட்டா?" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெங்களூரில் இருக்கும் பேரன் பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி வர்ணம் தீட்டுகிறவன். அங்கிருந்தே போன் போட்டேன். அரை மணி நேரம் பாடம் எடுத்தான். அதில் விளங்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பிரே எதற்கு? பொம்மைக்காரர்கள் வெள்ளை பூசி அதன்மேல் தீட்டும் தண்ணீர் வர்ணத்தின் மேல் பிரஷ் பட்டால் வர்ணம் கூடவே வந்துவிடும். ஸ்பிரே தொடாமல் படியும். இந்த டப்பாவுக்கு வழி செய்தவர் அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி. வருஷம் 1949. யோசனை கொடுத்தது அவர் மனைவி என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

மேட் எதற்கு? கிளாஸி பூசிய பொம்மையில் டியூப்லைட் அப்படியே தெரியும். முகத்தைப் பார்க்கப் போனால் விளக்கைத்தான் பார்ப்போம். மேட் பூச்சில் மிக நுண்ணிய சிலிக்காப் பொடி கலந்திருக்கிறது. காய்ந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக நின்று, விழும் வெளிச்சத்தைச் சிதற அடிக்கிறது. பூச்சு இருப்பதே தெரியாது, வர்ணம் மட்டும் தெரியும். ஆனால் அந்தப் பொடி டப்பாவின் அடியில் படிந்துவிடும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் அடித்தால் பூச்சு ஓரிடத்தில் பளபளக்கும், இன்னோரிடத்தில் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

எதை வாங்குவது? டப்பாவில் 'அக்ரிலிக்' என்று இருக்க வேண்டும், மஞ்சளாகாது என்றும் போட்டிருந்தால் நல்லது. மர வார்னிஷ், எனாமல் வகைகள் வேண்டாம். பேத்திகளின் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு இதையே அடித்துவிடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைக்கும் எண்ணெய்ச்சத்து பூச்சோடு கலந்து, பிசுபிசுப்பு போகவே போகாது.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் வில்லியனூர் போனேன். அங்கே சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு பெரியவர் சக்கரத்தில் இருந்தார். நான் கேட்டதும் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, ஈர மண்ணுக்கு மூடி போடாதீங்க. மொதல்ல நல்லா காய வையுங்க. உள்ள ஈரம் இருந்தா உப்பு பூத்து, வர்ணத்த தள்ளிடும்" என்றார். பணம் ஒன்றும் வாங்கவில்லை. அகல் விளக்கு பத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

இத்தனையும் கேட்டுக்கொண்டு வந்தவன் பொறுத்திருக்க வேண்டாமா? பொறுக்கவில்லை. மார்கழி மாதம், காலை ஆறரை மணி, கோலத்தின் மேல் இன்னும் பனி. மாடியில் செட்டியாரை நிற்க வைத்து அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் செட்டியார் உடம்பு முழுக்கத் திருநீறு பூசியவர் போல வெளுத்துவிட்டார். கறுப்பு மீசையும் நரைத்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது.

பேரன்தான் சமாதானம் சொன்னான். "தாத்தா, ஸ்பிரேயில இருக்கிற திரவம் வேகமா ஆவியாகும்போது பொம்மை மேல குளிர்ந்து போயிடும். காத்துல ஈரம் இருந்தா அது பூச்சுக்குள்ளயே படிஞ்சிடும். துடைக்காதீங்க. நல்ல வெயில் காலத்துல கிளாஸி ஒரு பூச்சு மெல்லிசா அடிங்க. வெளுப்பு கரைஞ்சிடும். அப்புறம் மேட் அடிச்சுக்கலாம்."

பங்குனி வரை காத்திருந்தேன். பொம்மைகள் எல்லாம் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தன. காலை பதினோரு மணிக்கு, காற்று அதிகம் இல்லாத நாளில், ஒரு சாண் தூரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே ஆரம்பித்துப் பொம்மைக்கு வெளியே முடிக்கிற மாதிரி ஓட்டினேன். ஒரே தடவையில் நனைக்கக் கூடாது. மெல்லிசாக ஒன்று, அரை மணி கழித்து இன்னொன்று. செட்டியாரின் மீசை மறுபடியும் கறுத்தது. அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷம், ரிடையர்மென்ட் பணம் கைக்கு வந்த அன்றுகூட இல்லை.

மேட் அடித்தால் தங்க நிறம் செத்துவிடும் என்பதையும் கண்டுகொண்டேன். அதனால் கிரீடம், ஒட்டியாணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் தங்க வர்ணம் தொட்டு வைத்தேன். கண்மணிக்கு மட்டும் ஊசி முனையளவு கிளாஸி. சிலை செய்கிறவர்கள் கண்ணை ஏன் கடைசியில் திறக்கிறார்கள் என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது.

கடைசியாக செட்டியாரம்மா. இந்தத் தடவை அவசரப்படவில்லை. உடைந்த அகல்களில் ஒவ்வொரு வர்ணத்தையும் தீட்டி, அடித்து, ஒரு நாள் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்திருந்தேன். எல்லாம் தேறியது. இருந்தாலும் மனசு கேட்காமல், அவளைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பீடத்தில் மனைவி எழுதியிருந்த இடத்தில் ஒரே ஒரு பொட்டு அடித்துப் பார்த்தேன்.

எழுத்து கசிந்தது. கறுப்பு மையின் விளிம்பில் ஊதா நிறம் கிளம்பி மெதுவாகப் பரவியது. முதல் எழுத்து குழம்பிப் போயிற்று. வருஷத்தில் '96' மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் தபால் ஆபீசில் இருந்தவன். பார்சல் துணியில் விலாசம் எழுதுகிற அழியாத மார்க்கர் என் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். "மெல்லிசா கோடு விழற பேனா ஏதாவது இருக்கா?" என்று அவள் கேட்டதும் நான் எடுத்துக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. புருவமும் கண் கோடும் அந்த மார்க்கர்தான். தண்ணீரில் அழியாது. அதனால்தான் ஈரத்திலும் நின்றது. ஆனால் ஸ்பிரேயில் இருக்கும் திரவத்தில் அந்த மை கரைந்துவிடும். முகத்தில் அடித்திருந்தால் புயல் விட்டுவைத்ததை நானே அழித்திருப்பேன்.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கையெழுத்து போனதில் வருத்தம்தான். ஆனால் அது போனதால்தான் முகம் பிழைத்தது. பிறகு காகிதத்தை முக அளவுக்கு வெட்டி, ஒட்டாமல் நூலால் கட்டி மறைத்து, புடவைக்கும் கைக்கும் மட்டும் அடித்தேன். முகம் 1996இல் இருந்தபடியே இருக்கிறது. மகன் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். அது பரணில்தான் இருக்கும்.

எந்த டப்பா நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: டப்பாவைப் பார்ப்பதற்கு முன், பொம்மையின் மேல் என்ன மை, என்ன வர்ணம் இருக்கிறது என்று பாருங்கள். தீட்டியவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். நான் கேட்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். டப்பாவுக்குள் அழுத்தி வைத்திருப்பது பெரும்பாலும் சமையல் கேஸ் மாதிரியான வாயு. கொலுப்படியில் குத்துவிளக்கு எரியும்போது 'ஒரு தடவை டச்சப்' என்று ஆரம்பிக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். அடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்கு இது வேண்டவே வேண்டாம். கரைவதற்காக வந்தவர் அவர், கரையட்டும்.

இந்த வருஷக் கொலுவில் செட்டியாரும் செட்டியாரம்மாவும் கீழ்ப்படியில், அரிசி பருப்பு தட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். விஜயதசமி ராத்திரி வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். மருமகள் செட்டியாரம்மாவை எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் புடவையில் பளபளப்பு இல்லை, கண் கூசவில்லை. இடது புருவம் மட்டும் அதே உயரத்தில் இருந்தது, விலை கேட்கிற மாதிரி.