பிடியரிசிப் பானை



திருநெல்வேலிச் சீமையில் நான் வளர்ந்த வீட்டில், அடுப்படியை ஒட்டி இருண்ட சிற்றறை ஒன்று இருந்தது. நெல்லும் அரிசியும் வைக்கும் அந்த அறையின் மூலையில் ஒரு மண்பானை இருக்கும். நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும்போது, என் தாயார் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அந்தப் பானையில் இடுவார்கள். எங்களுக்கே போதாத நாட்களிலும் அவர்கள் அதைத் தவறவிட்டதில்லை. பானை நிறைந்ததும் அரிசி ஆலயத்துக்குப் போகும். மற்றப் பெண்கள் கொண்டுவந்ததோடு கலந்துவிடும். எது யாருடைய பிடி என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது. 1903-இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் நாட்டாரின் காணிக்கையாலேயே அது நடைபெற வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இத்தகைய ஊழியங்களைத் தாங்கியவற்றுள் பெயரற்ற இந்தப் பிடிகளும் உண்டு.

அத்தகைய தாயின் மகனாகிய நான் செய்த தவறு ஒன்றை இன்று அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றேன். வீட்டுத் தலைவர் நோயுற்றிருந்தார். அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தபோது, உடன்வந்த தம்பி ஒருவர் படம் எடுத்தார். அன்று மாலையே, "இவருக்காக ஜெபியுங்கள்" என்று எழுதி, அந்தப் படத்தைக் கைப்பேசி வழியே பலருக்கும் அனுப்பினேன். நோயின் பெயரையும் குறிப்பிட்டிருந்தேன். நூற்றுக்கணக்கானோர் "ஆமென்" என்றார்கள். என் உள்ளமும் குளிர்ந்தது.

அடுத்த வாரம் அந்த வீட்டு அம்மாள் என்னைக் காண வந்தார்கள். மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. படம் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கும் எட்டிவிட்டதாம். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, உங்ககிட்டதானே சொன்னோம்?" என்று மட்டும் கேட்டார்கள். நான் படத்தை அழித்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பரவிய சொல்லைத் திரும்ப அள்ள யாரால் கூடும்?

அன்றிரவு மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். ஜெபிக்கிறவன் அறைவீட்டுக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் ஆண்டவர். அங்கே அறைவீடு என்பதற்கு மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் 'தமெயொன்'. தானியமும் பண்டமும் சேர்த்து வைக்கும் உள்ளறைக்கும் அதுவே பெயர். லூக்கா 12:24-இல் காகங்களுக்கு இல்லை என்று சொல்லப்படும் பண்டசாலையும் இதே சொல்தான். அதை அறிந்தபோது என் தாயாரின் சிற்றறை கண்முன் வந்தது. ஆண்டவர் காட்டிய அறை எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அதன் கதவைத் திறந்து போட்டுவிட்டேன்.

விளக்கைத் தண்டின்மேல் வைக்கச் சொன்னவரும் அவர்தாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த விளக்கு முதலில் ஒளி தருவது வீட்டிலுள்ளவர்களுக்கு. அதோடு, பிறருடைய கண்ணீரை எடுத்து என் விளக்குக்கு எண்ணெயாக ஊற்ற எனக்கு உரிமையில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரவு ஜெபத்துக்கு மணி அடித்ததும் கைப்பேசிகள் வேறு அறைக்குப் போய்விடுகின்றன. சந்திப்புக்குச் செல்லும் வீடுகளில் படம் எடுப்பதில்லை. ஜெப விண்ணப்பங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி மூடி வைக்கிறேன். என் மனைவி அடுப்படியில் ஒரு சிறு பானை வைத்திருக்கிறாள். அதில் எவ்வளவு சேர்ந்தது என்று நான் கேட்பதில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும், தேவன் மட்டுமே அறிந்த ஒரு பிடி இருக்கட்டும். அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா உங்கள் இல்லங்களைக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.