செவிலியரின் இரண்டாம் இயல்

செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. அக இலக்கியத்தில் தலைவியைச் சீராட்டி வளர்ப்பவள் செவிலி. தோழி அவள் பெற்ற மகள். நற்றாயோடு ஒருங்கு வைத்து எண்ணப்பெற்ற அப்பெயரையே, நோயுற்றோரைப் பேணும் பணிக்கு இக்காலத் தமிழ் வழங்கியிருக்கிறது. திருவள்ளுவரும் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக வைத்தார். இத்துணைச் சிறப்புடைய பணியைச் செய்வோர் எதை நம்பிச் செய்கின்றனர்? கைப்பழக்கத்தையா? மூத்தோர் சொல்லையா? ஆராய்ந்து தெளிந்த அறிவையா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

தமிழ் பயிற்றும் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். செவிலியத்தில் முதுகலை பயிலும் மாணவியர் தம் ஈராண்டுப் படிப்பில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நோயாளிகளிடம் கேட்கும் வினாக்கள் தமிழில் இருத்தல் வேண்டும். அத்தமிழ் பிழையற்றது என்று தமிழாசிரியர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். அவ்வகையில் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் பயிலும் மாணவியர் சிலர் ஆண்டுதோறும் என் இல்லம் தேடி வருவதுண்டு. வினாநிரலைத் திருத்தக் கொடுத்துவிட்டு அவர்கள் காத்திருக்கும் நேரத்தில், ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அவ்வியலின் பெயர் 'இலக்கிய மீளாய்வு'. சங்க இலக்கியம் என்று எண்ணிவிட வேண்டா. எடுத்துக்கொண்ட பொருள்பற்றி இதற்குமுன் பிறர் செய்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஒப்பிட்டு, எடைபோட்டுக் கூறும் பகுதியே அது.

சில ஆண்டுகளுக்கு முன்பு பேகம்பூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் வந்தார். இரு குழந்தைகளுக்குத் தாய். பகலெல்லாம் வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும். குழந்தைகள் உறங்கிய பின்னரே படிப்பு. "வேலைதான் இருக்கிறதே, இன்னும் என்ன படிப்பு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதாகச் சொல்லிச் சிரித்தார். அவருடைய ஆய்வுப்பொருள், எழ இயலாமல் கிடப்போருக்கு வரும் புண். வினாநிரலில் 'அழுத்தப் புண்' என்று எழுதியிருந்தார். நம் மக்கள் 'படுக்கைப் புண்' என்றே சொல்வார்கள் என்று மாற்றிக் கொடுத்தேன்.

அவருடைய இரண்டாம் இயலில் 24 ஆய்வுகள் பத்திக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இன்னார் இன்ன ஆண்டில் இத்தனை பேரிடம் ஆய்ந்தார், இன்னது கண்டார் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. "இவையெல்லாம் சேர்ந்து உங்களுக்குச் சொல்வது என்னம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "ஐயா, பலவற்றில் சுருக்கத்தை மட்டுமே படித்தேன். ஆனால் இவை ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது" என்றார். அந்த முரணை எழுதுவதுதான் இந்த இயலின் வேலை என்றேன்.

முரண் இதுதான். படுத்த படுக்கையாய்க் கிடப்போருக்கு அழுத்தம் படும் இடங்களில் ஸ்பிரிட்டும் பவுடரும் இட்டுத் தேய்த்துவிடுவது செவிலியரிடையே நெடுங்காலம் நிலவிய பழக்கம். இலண்டனில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியரும் அவருடைய தோழர்களும் முதியோர் பேணலை ஆராய்ந்து 1962இல் நூல் வெளியிட்டனர். எவருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் அளவுகோல் ஒன்றை அதில் அமைத்ததோடு, பூச்சு மருந்துகளைக் காட்டிலும் உரிய இடைவெளியில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதன் பயனையும் உணர்த்தினர். 2014இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளோ, புண் வரும் நிலையிலுள்ள தோலை அழுத்தித் தேய்த்தலே கூடாது என்கின்றன. நலிந்த திசுக்கள் அத்தேய்ப்பால் மேலும் சிதையக்கூடும் என்பது காரணம். அன்போடு செய்த ஒரு பணி நோயாளிக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதை அம்மாணவி மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் தெளிவாக உணர்ந்தார். மூன்று மாதங்கழித்து அவர் கொண்டுவந்த இயலில் ஆய்வுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, பொருள் கூடியிருந்தது. நான் மகிழ்ச்சியோடு சான்றில் கையொப்பமிட்டேன்.

மீளாய்வு வெறும் சடங்கன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்றுண்டு. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்குமாறு மேலை நாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அறிவுரை வழங்கப்பட்டது. அவ்வாறு உறங்கும் குழந்தைகள் திடீரென இறக்கும் அபாயம் மிகுதி என்பதற்கான சான்றுகள் சிதறிக் கிடந்தன. எவரும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. ரூத் கில்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 2005இல் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தனர். 1970அளவிலேயே இத்தகைய மீளாய்வு நடந்திருப்பின், பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் இறப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி நாடுகளைச் சேர்த்தால் குறைந்தது 50,000. படிக்கப்படாத ஏடுகளுக்குத் தொட்டில்கள் கொடுத்த விலை அது!

தனியொருவர் என்ன செய்துவிட முடியும் என்று மலைக்க வேண்டியதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா ஹெண்டர்சன் என்னும் செவிலிப் பேரறிஞர் தலைமையேற்று, 1900 முதல் 1959 வரை செவிலியம்பற்றி ஆங்கிலத்தில் வெளியான ஆய்வுகளைத் தேடித் திரட்டி, குறிப்புரையோடு நான்கு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். கணிப்பொறித் தேடல் கைவராத காலத்து உழைப்பு அது. இன்றோ, 1997 முதல் பப்மெட் தேடற்களம் எவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. முதுகலைப் படிப்பு 1959இல் தில்லியில் தோன்றியது. அன்று சிலருக்கே வாய்த்த நூலகம் இன்று பேகம்பூர் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. வேண்டுவது பொறுமையும் நேர்மையுமே.

அந்நேர்மை நம் மரபுக்கு அயலானதன்று. ஒரு செய்தி செவிக்கு இனிதாயிருக்கிறது என்பதற்காக ஹதீஸ் கலை இமாம்கள் அதனை ஏற்றதில்லை. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று அறிவிப்பாளர் தொடரைக் கண்ணி கண்ணியாகச் சோதித்த பின்னரே வலுவானது, வலுவற்றது என்று வகைப்படுத்தினர். உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உழைப்பும் இவ்வினத்ததே. நல்ல மீளாய்வும் இதனையே கேட்கிறது: எத்தனை நோயாளிகள், எவ்வாறு தேர்ந்தனர், எதனோடு ஒப்பிட்டனர், எழுதியவர் மூலத்தைத் தாமே பார்த்தாரா?

இங்கே ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். நான் புரட்டிய ஆய்வேடுகளில் அயல்நாட்டு ஆய்வுகள் நிரம்ப உண்டு. அண்டை ஊர்ப் பணி அரிது. சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். அவ்வம்மையாரின் முயற்சியில் வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனையை நாம் அறிவோம். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டமும், அதன் வழியே 1964இல் உருவான ஊரக நலவாழ்வு நிறுவனமும் நம் சிற்றூர்களையே ஆய்வுக்களமாகக் கொண்டவை. நிலக்கோட்டைத் தாய்மாரைப்பற்றி எழுதப் புகுபவர் இலண்டன் ஏட்டைப் படிக்கட்டும். ஆத்தூர் ஏட்டையும் படிக்கட்டும்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில், அகழ்ப்போரில் காயமுற்றோரை மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் வைத்துப் பேணியவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. அவ்வழியில் நம் பெண்மக்கள் செவிலியராவதை மனமுவந்து ஏற்றுக்கொண்டோம். அவர்கள் மேலும் கற்பதையும் அவ்வாறே ஏற்போமாக. நள்ளிரவில் விளக்கெரிய அவர்கள் படிக்கும் படிப்பு, நாளை நாம் படுக்கையில் கிடக்கும்போது நம்மைத் தேய்ப்பதா, புரட்டுவதா என்பதை முடிவு செய்யும். நோயாளியின் உடல் செவிலியர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் காக்கும் அறிவைத் தேடுவதும் அவ்வமானிதத்தின் பாற்பட்டதே.

தமிழ்த்துறை மாணவர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. அச்செவிலியர் கண்ட முடிவுகள் ஆய்வேட்டோடு உறங்கிவிடாமல், நோயாளியின் மனைவியும் மகனும் படித்துணரும் எளிய தமிழில் ஒரு பக்கக் குறிப்பாக வெளிவர நீங்கள் துணைநிற்கலாம். அத்தகைய குறிப்புகள் நம் துறையிலிருந்து ஆண்டுக்கு ஒன்றேனும் வெளிவர, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!