இன்னொரு படம்

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது, நான் முன்பு எடுத்த படங்களை அனுப்பும்படி நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கல்யாண மகாலும் ராஜகிரியுமாக நிறைந்திருந்த அந்தக் கோப்புகளுக்கிடையே ஒரு மூதாட்டியின் இரண்டு படங்கள் அகப்பட்டன.

கோட்டை வாசலருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவர் அவர். பிற்பகல் வெயில் பக்கவாட்டில் விழுந்து, முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் தனித்தனியே காட்டியது. அவர் அறியாமல்தான் எடுத்தேன். பின்னர் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, 'முதுமை' என்று தலைப்பிட்டு, கல்லூரிக் கண்காட்சியில் வைத்தேன். பலரும் பாராட்டினார்கள். அடுத்த முறை செஞ்சிக்குப் போனபோது ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். மகிழ்வார் என்றே எதிர்பார்த்தேன்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, நான் இம்மாம் பாவமாவா இருக்கறேன்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளாகப் புகைப்படங்களை வெளியிட்டது. அவற்றில் இருப்போரில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. சாதியும் குலமும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். 1876-78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, பட்டினியால் எலும்பும் தோலுமானவர்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்களைக் காட்டி வகுப்பில் நான் கோபத்தோடு பேசியதுண்டு. 'முதுமை' என்று நான் ஒட்டிய சீட்டு மட்டும் எந்த விதத்தில் வேறு? எனக்குத் தேவையாக இருந்தது ஒரு துயரம். அதை அவர் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் தெரிவது அவரைவிட நான்தான்.

எங்கள் வீட்டில் அம்மாவின் ஸ்டுடியோ படம் ஒன்று உண்டு. பின்னால் தீட்டிய திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி, மணி தெரியும்படி திருப்பிக் கட்டிய இரவல் கைக்கடிகாரம். இலக்கியம் படிக்கத் தொடங்கிய வயதில் அந்த விறைப்பும் பாவனையும் எனக்குக் கூச்சமாக இருந்தன. தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் தொகுத்து மின்வடிவில் சேமித்திருக்கிறது. அவற்றைப் பார்த்தபோதுதான் அம்மாவின் படம் எனக்குப் புரிந்தது. அன்று அவள் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதை அவளே முடிவு செய்திருக்கிறாள். வாழ்நாளில் அவளுக்கு அப்படி வாய்த்த முடிவுகள் மிகச் சில. இரவல் கடிகாரத்தைப் பொய் என்று சொல்ல இப்போது மனம் வரவில்லை. அவள் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் அவளைச் சேர்ந்த உண்மைதானே?

வெள்ளரி விற்ற அம்மையார் அன்று படத்தைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வா தம்பி, இன்னொன்னு எடு" என்றார்.

போனேன். தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, அரக்கு நிறச் சேலை உடுத்தி வந்திருந்தார். கூடையருகே உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார். கூடையைக் காலால் தள்ளிவிட்டு, மலை பின்னால் தெரிய எழுந்து நின்றார். கைகள் இரண்டும் உடலோடு ஒட்டியிருந்தன. சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கலை என்று சொல்லிக்கொள்ள அந்தப் படத்தில் எதுவுமில்லை.

அப்போதுதான் அவர் பெயரைக் கேட்டேன். பிரதியின் பின்புறம் எழுதியும் கொடுத்தேன். இங்கே எழுதவில்லை, அதற்கு அவரிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை.

நண்பர்களுக்கு அந்த இரண்டாவது படத்தைத்தான் அனுப்பினேன். "கோட்டைப் படம் கேட்டால் யாரோ ஒரு பாட்டியை அனுப்பியிருக்கிறீர்களே" என்று ஒருவர் எழுதினார். யாரோ அல்ல என்று பதில் போட்டேன்.