பிராஸ், பாயின்ட், ஹஜேரி: புனே கட்டுமானக் களத்தின் சொற்கள்

புனே நகரின் கட்டுமானக் களங்களில் வழங்கும் சொற்கள் பொருள்களின் பெயர்களாகத் தோன்றினாலும், நெருங்கிக் கவனித்தால் அவற்றுள் முக்கியமானவை கூலியைக் கணக்கிடும் அலகுகளாகவே இருப்பது புலப்படும். வீடு கட்டுவிப்பவர் ஒருவர், ‘லிண்டல்’ என்பது கதவு சன்னல்களின் மேல் வரும் தாங்குவிட்டம் என்றும், ‘பிளின்த்’ என்பது தரைக்கு மேல் எழும் அடிமேடை என்றும் கேட்டறிந்துகொள்ளலாம். ஆனால் அந்த லிண்டலுக்குக் கம்பி கட்டுபவருக்குக் கிலோவிலும், பலகை அடிப்பவருக்குச் சதுர அடியிலும், அதன்மேல் செங்கல் வைப்பவருக்கு ‘பிராஸ்’ கணக்கிலும் கூலி எழுதப்படுகிறது என்பதை அறியாதவரை, களத்துப் பேச்சில் பாதி அவருக்கு எட்டுவதில்லை.

நகரின் மேற்கே வார்ஜேயிலும், பிம்ப்ரி–சிஞ்ச்வட் பக்கம் டாங்கே சௌக்கிலும் காலையில் கூடும் ‘மஜூர் அட்டா’ எனப்படும் கூலியாள் சந்தையில் இச்சொற்களின் முதல் வரிசை காதில் விழுகிறது. அங்கே கொத்தனார் ‘கவண்டி’ ஆகிறார். கல்லும் கலவையும் சுமக்கும் உதவியாள் ‘பிகாரி’ ஆகிறார். ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வேலைக்குப் பொறுப்பேற்கும் ‘முகாதம்’ தமிழகத்து மேஸ்திரிக்கு நிகரானவர். தமிழகத்தில் உதவியாளை ஆணாயின் பெரியாள் என்றும் பெண்ணாயின் சித்தாள் என்றும் பிரித்தழைப்பர்; மராத்தியில் அப்பிரிவு சொல்லில் இல்லாவிட்டாலும் கூலியில் இருக்கிறது. மராத்வாடாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும், வட கர்நாடகத்திலிருந்தும், பீகாரிலிருந்தும் வந்தோர் அருகருகே நிற்பதால், மராத்தி ‘ஒளம்பா’வும் (தூக்குக்குண்டு) ‘குண்யா’வும் (மூலைமட்டம்) இந்தி வினைகளோடு சேர்ந்து ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஆங்கிலச் சொற்களும் இங்கே புதியவை அல்ல. பொதுப்பணிகளுக்கான கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவிக்க 1854இல் புனேயில் தொடங்கப்பட்ட வகுப்பே இன்றைய சி.ஓ.இ.பி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கும் முந்தையது கருங்கல் வேலை. சேனாபதி பாபட் சாலையை ஒட்டிய வடார்வாடி, கல்லுடைத்தும் மண்வெட்டியும் வாழ்ந்த வடார் சமூகத்தின் பெயரையே இன்றும் தாங்கியிருக்கிறது.

புதிதாக வரும் தமிழரை முதலில் தடுமாற வைப்பது ‘பிராஸ்’ என்னும் அளவு. மணலுக்கும் ‘கடி’ எனப்படும் ஜல்லிக்கும் ஒரு பிராஸ் என்றால் 100 கன அடி, அதாவது தமிழகத்தில் ஒரு யூனிட் என்று சொல்லப்படும் அதே அளவு. பூச்சு வேலையிலோ அதே சொல் 100 சதுர அடியைக் குறிக்கிறது, அதாவது தமிழகக் கொத்தனார் ஒரு சதுரம் என்று சொல்வதை. செங்கல் கட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. தடித்த சுவர் கன அளவிலும், நாலரை அங்குல அரைக்கல் சுவர் பரப்பிலும் அளக்கப்படுவது பொது வழக்காதலால், ஒரே வீட்டின் ஒரே கணக்குச் சீட்டில் பிராஸ் என்ற சொல் இரு பொருளில் அடுத்தடுத்து வரக்கூடும். மணல் ஈரமாக இருக்கும்போது உப்பி, உலர்ந்த நிலையைவிடக் கால் பங்குவரை கூடுதல் இடத்தை அடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மழைக்காலத்தில் வண்டியிலிருந்து இறங்கும் ஒரு பிராஸ் மணலில் எவ்வளவு மணல் என்ற கேள்வி எழுவது இயல்பே. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவுடையது என்பதால், அதே கொள்ளளவில் செய்த ‘ஃபர்மா’ என்னும் அளவுப்பெட்டியால் மணலையும் ஜல்லியையும் அளந்து போடுவது முறை. சிறிய களங்களில் அப்பெட்டி ஓரமாகக் கிடக்க, ‘கமேலா’ எனப்படும் இரும்புச் சட்டிகளே அளவாகிவிடுவதைக் காணலாம்.

தளம் போடும் நாளில் பல தொழில்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ‘சென்ட்ரிங்’ என்பது ஈரக் கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டுமாகும். நாலரை மீட்டருக்கு உட்பட்ட இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் கழித்தே முட்டுகளை எடுக்கலாம் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறியின் பொதுவிதி. கம்பிக்கும் பலகைக்கும் இடையில் விடப்படும் கான்கிரீட் தடிமனே ‘கவர்’. அது குறைந்தால் ஈரம் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையின் அடிப்பாகம் பெயர்ந்து விழும். மின்பணியாளரும் அன்றே களத்தில் இருந்தாக வேண்டும், ஏனெனில் மின்விசிறிக்கான ‘ஃபேன் பாக்ஸ்’ என்னும் பெட்டியும், கம்பி ஓடும் குழாய்களும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கம்பி வலையோடு கட்டப்பட வேண்டியவை. அன்று விடுபட்டதைப் பின்னர் சுவரில் ‘ஜிரி’ போட்டுத்தான் ஈடுசெய்கிறார்கள். ஜிரி என்பது குழாயைப் புதைக்கச் சுவரில் வெட்டும் காடி. அது செங்குத்தாக இருப்பதே நல்லது, நாலரை அங்குலச் சுவரில் கிடைமட்டமாக நீளமாக வெட்டினால் சுவரின் பலத்தில் கணிசமான பகுதி போய்விடும்.

மொட்டை மாடியில் தமிழக வழக்கும் புனே வழக்கும் வெளிப்படையாகப் பிரிகின்றன. தமிழகத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய முறை. புனேயில் அவ்விடத்தைப் பிடித்திருப்பது ‘பிரிக்பேட் கோபா’: உடைந்த செங்கல் துண்டுகளை நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்த சாந்தில் நெருக்கமாக அடுக்கி, மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு கொடுத்து, மேலே சிமென்ட் பூசி வழவழப்பாக்கி முடிப்பது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் நீர் தங்காதிருக்க வளைவாகப் பூசும் பகுதிக்கு ‘வாட்டா’ என்று பெயர். வேலை முடிந்ததும் சில நாள் தண்ணீர் தேக்கிவைத்து, கீழே கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விட்டுவிட்டுப் பெய்யும் நகரில் இது பொருத்தமான முறைதான். எனினும் கோபா கனமானது, பழைய கோபாவைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொன்று போடுவது தளத்தின்மீது தேவையற்ற பாரம் ஏற்றுவதாகும்.

மின்வேலையில் பிராஸின் இடத்தைப் ‘பாயின்ட்’ வகிக்கிறது. பாயின்ட் என்பது சுவிட்சுப் பலகையிலிருந்து விளக்கோ விசிறியோ மாட்டும் இடம்வரை கம்பி இழுத்து, சுவிட்சோடு இணைத்துத் தரும் வேலை. மாடிப்படியின் மேலும் கீழும் இரு சுவிட்சு வைத்த ஒரே விளக்கு ஒரு பாயின்ட்டா, கூடுதலா என்பதும், கீசர் அல்லது குளிர்சாதனத்துக்கான 16 ஆம்பியர் இணைப்பு பகிர்மானப் பெட்டியிலிருந்தே தனிக் கம்பியாக வர வேண்டியதால் அதற்குத் தனி விலையா என்பதும், முன்பே பேசப்படாவிட்டால் முடிவில் தகராறாகும் இடங்கள். பெட்டிக்குள் உள்ள ‘எம்.சி.பி.’ அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தையும் குறுக்குச் சுற்றையும் துண்டிக்கும். ஆனால் மனித உடல் வழியே நிலத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டம் அதற்குப் பொருட்டே அல்ல. அதை உணர்வது ‘ஆர்.சி.சி.பி.’, ஃபேஸ் கம்பியில் போவதற்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் அது இணைப்பைத் துண்டிக்கும் வகையே வீடுகளுக்கு ஏற்றது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்லும் மின்பணியாளர்கள் உண்டு. அதை ஏற்கக் கூடாது.

எந்த அலகிலும் அடங்காத வேலைகளே பெரும்பாலும் சீர்கெடுகின்றன. ‘எர்த்திங்’ அவற்றுள் ஒன்று. புனேயில் மேல்மண்ணுக்குக் கீழே ‘முரூம்’ எனப்படும் மக்கிய பாறையும், அதன்கீழ் கெட்டியான கரும்பாறையும் வந்துவிடுவதால், நிலத்தொடர்புக் குழி தோண்டுவது கடினம். கரியும் உப்பும் இட்டுக் குழாய் இறக்கிய பின்னும், கோடையில் குழி காய்ந்தால் மின்தடை உயர்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுவதோ எவருடைய பாயின்ட் கணக்கிலும் இல்லை. ‘க்யூரிங்’ எனப்படும் நீராட்டும் அவ்வாறே. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமென்ட்டுக்கு 10 நாளும் கான்கிரீட் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தளம் போட்ட குழு கணக்கு முடித்து மறுநாளே வேறு களத்துக்குப் போய்விடுகிறது. அவ்வேலை, களத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருக்கும் காவலாளியின் குடும்பத்துக்கு வந்து சேர்கிறது. அத்தகைய கொட்டகைகள் எங்கே போடப்படுகின்றன என்பதும் கட்டுமானச் சொல் ஒன்றோடு தொடர்புடையது. எல்லையைக் காட்டும் மதிற்சுவர் வேறு, மண்ணின் அழுத்தத்தைத் தாங்கவும் நீரை வெளியேற்றவும் வடிவமைத்த தாங்குசுவர் வேறு. 2019 ஜூன் மாத இறுதியில் பெருமழையின்போது கோண்ட்வாவில் குடியிருப்பு ஒன்றின் மதிற்சுவர் சரிந்து, அதன் கீழே கொட்டகைகளில் உறங்கிய தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 15 பேர் இறந்தனர்.

நாட்கூலிக்கும் ஒரு சொல் உண்டு: ‘ஹஜேரி’, அதாவது வருகை. பிராஸும் பாயின்ட்டும் ஒப்பந்தக்காரரின் அலகுகளாக இருக்க, பிகாரிக்கு முகாதமின் நோட்டில் விழும் ஹஜேரிக் கோடே அலகு. 1996ஆம் ஆண்டின் கட்டிட, இதரக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வகுத்த விதிப்படி, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வாரியத்துக்கான பணம் கட்டுமானச் செலவின்மீது தீர்வையாகப் பெறப்படுகிறது. தீர்வையைக் கணக்கிடும் செலவுத் தொகை கட்டுபவரின் ஏடுகளில் இருக்கிறது. தொழிலாளியின் 90 நாளோ, அட்டாவிலிருந்து நாளுக்கொரு களமாகப் போனவருக்கு, பல முகாதம்களின் நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது.