ஜாதிக்காயின் விலை

ராயபுரம் ஸ்டேஷனில் நானும் அத்தையும் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினோம். "1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கேதான் புறப்பட்டது, அத்தை!" என்றேன். "அது கிடக்கட்டும், உட்கார இடம் பாரடி" என்றாள். மடியில் பேரனின் உரை மருந்துக்காக வாங்கிய ஜாதிக்காய்ப் பொட்டலம்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் வ.உ.சி. நகர். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பார்க்கப் போன பழவேற்காட்டில் கொடி நாட்டிய டச்சுக் கம்பெனியின் முத்திரையும் 'வி.ஓ.சி.'தான்! நம் சிதம்பரம் பிள்ளை 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கியது அந்நியரின் ஏகபோகத்தை உடைக்க. அவர்கள் கப்பல் விட்டதோ ஏகபோகத்தைப் பிடிக்க.

திருவொற்றியூர், எண்ணூர்ப் புகைபோக்கிகள், கழிமுகம் எல்லாம் பின்னால் ஓடின. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம்.

ஸ்பெயின் அரசனுக்கு அடங்க மாட்டோம் என்று 80 வருஷம் போராடிக் குடியரசு கண்டவர்கள் டச்சுக்காரர்கள். அந்தக் குடியரசே 1602-ல் ஒரு வியாபாரக் கம்பெனிக்குக் கோட்டை கட்டவும் யுத்தம் செய்யவும் உரிமை எழுதிக் கொடுத்தது. 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. நம் நெசவாளர் நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டு போய்க் கொடுத்து, வாசனைச் சரக்கு வாங்கினார்கள். அந்நாளில் ஜாதிக்காய் விளைந்தது பாண்டாத் தீவுகளில் மட்டுமே. 1621-ல் கம்பெனிப் படை அத்தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும், அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டது.

அத்தை பொட்டலத்தைப் பார்த்தாள். "இந்தக் காய்க்காகவா?"

"ஆமாம். பஞ்சம் வந்தால் பசிக்குத் தன்னையும் பிள்ளையையும் விற்ற நம் ஜனங்களையும் இங்கிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்."

கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே குலச் சின்னங்களோடு அழகழகான சமாதிகள்.

இத்தனையும் செய்து என்ன மிஞ்சியது? கோட்டையும் படையும் லாபத்தைத் தின்றன. 1780-ல் இங்கிலாந்தோடு மூண்ட சண்டை கம்பெனியைக் கடனில் தள்ளியது. 1795-ல் பிரெஞ்சுப் படை நுழைய, குடியரசே கவிழ்ந்தது. 1799-ல் கம்பெனியும் மூடப்பட்டது. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

"துரைமாருக்கெல்லாம் கல் இருக்கிறது. கப்பலேறிய நம் பெண்டு பிள்ளைகளுக்கு எங்கேயடி கல்?" என்றாள் அத்தை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பழவேற்காடு போகிறவர்கள் சமாதிகளைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையிலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள், கல் இல்லாத அவர்களுக்காக.