மஞ்சள் ரோஜாவும் மயில்துத்தமும்

குன்னூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது. கொடியில் போட்ட பள்ளிக்கூடப் பாவாடையை அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக் காயவைத்துத்தான் அம்மா கட்டிவிடுவாள். தீப்பெட்டி நமத்துப்போகும். மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னால் எங்களுக்கு நம்பிக்கையே வராது. அந்த மாதத்தில்தான் அம்மாவின் ரோஜாச் செடிகள் இலை உதிர்க்கத் தொடங்கும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். தொழிற்சாலைக்கு மேலே, சரிவில், குவார்ட்டர்ஸ் வரிசை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருக்கும். மற்ற வீடுகளில் பீன்ஸும் முட்டைக்கோஸும் போட்டார்கள். அம்மா ரோஜா வைத்தாள். அவள் நிலக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். பூக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவளுக்குப் பூ இல்லாத வாசலைப் பார்க்கச் சகிக்காது. எட்வர்ட் ரோஸ் ஒன்று, பேர் தெரியாத சிவப்பு ஒன்று, நர்சரியில் வாங்கிய மஞ்சள் ஒன்று. மஞ்சள்மேல்தான் அவளுக்கு உயிர். நோய் முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், செடியின் கீழ் இலையில் கறுப்பாக ஒரு பொட்டு தெரியும். கரும்புள்ளி நோய். விளிம்பு சுத்தமாக இருக்காது. ஊறும் தாளில் மை சொட்டிய மாதிரி ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பொட்டுக்குள் ஊசிமுனை அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். பூஞ்சையின் வித்துகள் அதற்குள்தான் இருக்கின்றன. மழைத்துளி அதன்மேல் விழுந்து தெறிக்கும்போது வித்தும் சேர்ந்து தெறித்து மேல் இலைக்கு ஏறும். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், அது உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி மூடுபனியில் எங்கள் வாசலில் இலை காய்ந்திருந்த நேரமே குறைவு. பொட்டைச் சுற்றி மஞ்சள் படரும், விரல் பட்டாலே இலை கழன்று விழும். கார்த்திகைத் தீபத்துக்குள் செடி வெறும் முள்ளாக நிற்கும்.

"எங்க ஊர்ல இந்தச் சீக்கை நான் இப்படிப் பார்த்ததே இல்லையே" என்று அம்மா புலம்புவாள். கீழ்நாட்டு வெயிலில் விடியற்காலைப் பனி எட்டு மணிக்குள் காய்ந்துவிடும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சிலோன் தாத்தாதான் வழி காட்டினார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு நீலகிரிக்கு வந்தவர். இங்கேயும் தோட்டத்தில் மருந்தடிப்புதான் அவருக்கு வேலை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே வருஷத்தில் வந்தது. கிள்ளுகிற கொழுந்திலேயே கொப்புளம் போடுகிற நோய் என்பதால் தோட்டங்கள் நடுங்கிப்போயின. அன்று கையில் எடுத்த செம்பு மருந்தைத் தாத்தா கடைசிவரை கீழே வைக்கவில்லை. மலைநாட்டில் பூஞ்சையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

வந்தவர் செடியைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "அம்மா, மருந்து அப்புறம். மொதல்ல இந்தச் சருகையெல்லாம் பொறுக்குங்க. ஒண்ணு விடாம. குப்பைக்குழியிலயும் போடக்கூடாது, அடுப்புல போடுங்க" என்றார். நோய் செடியில் மட்டும் இல்லை, விழுந்த இலையில் உயிரோடு காத்திருக்கிறது, அடுத்த மழைக்கு மறுபடி ஏறும் என்று அவர் சொன்னது எனக்கு அன்றே பதிந்துவிட்டது. சருகு பொறுக்குவது என் வேலை ஆனது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், குளிரில் விரல் விறைக்க, ஒரு மூங்கில் கூடையோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். முள்ளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட இலையைக் கூட அம்மா விடச் சொல்லமாட்டாள்.

அடுத்த வெயில் நாளில் தாத்தா மயில்துத்தம் கொண்டுவந்தார். அந்த நீலத்தை நான் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. நூறு கிராம் துத்தத்தை ஒரு மண்பானைத் தண்ணீரில் கரைத்தார். நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு பானையில் தாளித்தார். அது கொதித்து அடங்கி ஆறியதும் துணியில் வடிகட்டினார். இரண்டிலும் அஞ்சு அஞ்சு லிட்டர் தண்ணீர். பிறகு துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றி, குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தார். இரும்பு வாளியை அப்பா எடுத்துக்கொண்டு வந்தபோது "ஐயா, அது ஆகாது" என்று தடுத்துவிட்டார். பானையில் வானம் மாதிரி ஒரு வெளிர்நீலம் திரண்டது.

அதோடு அவர் அடித்துவிடவில்லை. இடுப்பில் இருந்த கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் பளபளவென்று தீட்டி அந்தத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் முக்கி வைத்தார். எடுத்தபோது கத்தியின்மேல் செம்பு நிறத்தில் மெல்லிய படலம். "பாப்பா, பாத்தியா? துத்தம் இன்னும் கொதிப்பா இருக்கு. இப்படியே அடிச்சா எலை வெந்துரும்" என்று சொல்லிச் சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். திரும்ப முக்கினார். கத்தி வெள்ளையாகவே வந்தது. பிற்பாடு கல்லூரியில் வேதியியல் படித்தபோது, சுண்ணாம்போடு சேராத தாமிரம் இரும்பின்மேல் படிகிறது என்ற பாடம் வந்தது. எனக்கு அது குன்னூர் வாசலிலேயே நடந்து முடிந்த பாடம்.

இந்தக் கலவைக்கு போர்டோ என்று பெயர் வந்த கதையும் எனக்குப் பிடிக்கும். பிரான்ஸில் அந்த ஊர்ப் பக்கம், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து அசிங்கமாக்கி வைப்பார்களாம். சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதைத் தாவரவியல் பேராசிரியர் மிலார்டே கவனித்தார். 1885இல் அதை எழுதி வெளியிட்டார். திருட்டைத் தடுக்க வந்த தண்ணீர் உலகமெங்கும் திராட்சை, உருளைக்கிழங்கு, தேயிலை என்று காத்துவிட்டு, எங்கள் அம்மாவின் மஞ்சள் ரோஜாவுக்கும் வந்து சேர்ந்தது.

இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தாத்தா அடிப்பார். மழை வருகிற நாளில் தொடமாட்டார். ஈரக் குளிரில் செம்பு காயாமல் நின்றால் ரோஜா இலையையே சுட்டுவிடும். கலக்கிய தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடுவார். ஏற்கெனவே பொட்டு விழுந்த இலையை எந்த மருந்தும் திருப்பித் தராது, நல்ல இலைக்குத்தான் இது காவல் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தார். கிளை வெட்டிய நுனிகளில் மட்டும் அதே துத்தமும் சுண்ணாம்பும் குழம்பு பதத்தில் பூசினார், கருகல் கீழே இறங்காமல் இருக்க.

தை பிறந்ததும் கதை தலைகீழாகும். பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் உறைபனிக்கு ஒரு படி முன்னால் நிற்கிற குளிர். அப்போது மழை இல்லை, கரும்புள்ளி இல்லை. அதற்குப் பதில் கொழுந்திலும் மொட்டின் காம்பிலும் மாவு தூவியது போல் வெள்ளை பூக்கும். சாம்பல் நோய். இளம் இலை சுருண்டு ஊதா நிறம் காட்டும், மொட்டு விரியாமல் நிற்கும். கார்த்திகையில் "எலையில தண்ணி படவே கூடாது, வேர்ல ஊத்துங்க" என்று சொன்ன அதே தாத்தா, தை மாதம் "வெயில் வந்ததும் எலையை நல்லா அலசி விடுங்கம்மா" என்றார். அம்மா குழம்பிப்போனாள். எனக்கும் புரியவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. கரும்புள்ளிக்கு நனைந்த இலை வேண்டும். சாம்பலுக்கு அது வேண்டாம். காற்றில் இருக்கிற ஈரமே போதும், இலைமேல் நிற்கிற தண்ணீரில் அதன் வித்து சரியாக முளைக்காது. மீறிப்போனால் லிட்டருக்கு இரண்டு கிராம் நனையும் கந்தகம், அதுவும் உச்சிவெயில் இல்லாத நேரத்தில்.

அம்மா தன் பங்குக்குப் பால் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் இலையில் தெளிப்பாள். அவள் அம்மா பூசணிக் கொடிக்கு அப்படிச் செய்வாளாம். தாத்தா மறுக்கவில்லை. 1999இல் பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல், தண்ணீர் கலந்த பசும்பால் சீமைச் சுரைக்காயின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதியதைப் படித்தபோது அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னேன்.

மஞ்சளுக்கு ஏன் இத்தனை நோய் என்ற கேள்விக்கும் பின்னால்தான் விடை கிடைத்தது. லியோன் நகரத்து பெர்னே-டூஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து உண்டாக்கிய 'சோலே தோர்' 1900இல் வெளிவந்தது. இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாய். நிறத்தோடு கரும்புள்ளிக்கு இளைக்கும் உடம்பும் அந்த வழியில்தான் வந்தது. அம்மா செடியை வளர்க்கத் தெரியாமல் வளர்த்தாள் என்று அக்கம்பக்கத்தில் பேசியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

இந்த மழைக்கு முன் மஞ்சள் ரோஜா வாங்கப் போகிறவர்கள் தயங்காமல் வாங்குங்கள். காலை வெயில் படுகிற இடத்தில், காற்று போய்வர இரண்டரை, மூன்று அடி இடைவெளி விட்டு நடுங்கள். தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள். பொட்டு விழுந்த இலையைக் கண்டால் மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் குனிந்து, செடியடியில் விழுந்து கிடக்கிறதை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.